லைன்மேனுக்கு அறுபதில் கண்டம்

அக்டோபர் 27, திங்கள்

குளியலறை பல்பு போய்விட்டது. புதுப் பல்பு அலமாரியில் இருக்கிறது. ஸ்டூல் சமையலறையில் இருக்கிறது. மின்வாரியத்தில் லைன்மேனாகக் காலம் தள்ளிய நான் கூடத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் இந்த வீட்டில் பல்பு மாட்ட ஆள் இல்லை.

ஸ்டூலைத் தூக்கினேன். துளசிமணி ஓடி வந்து பிடுங்கி, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"தை பொறக்கட்டுமுங்க. அப்பறம் ஸ்டூல் என்ன, பனைமரத்துல வேணும்னாலும் ஏறுங்க."

"அதுவரைக்கும் இருட்டுலயா குளிக்கறது?"

"கதவைச் சித்தெ தொறந்து வெச்சுக்குங்க. இந்த வயசுல உங்களை எவ எட்டிப் பாக்கறா?"

என் ஜாதகத்தில் அறுபதில் ஒரு கண்டம். அறுபது முடிந்து முதல் தை பிறக்கும்வரை உயரம், வாகனம், தண்ணீர் மூன்றும் ஆகாதாம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதே ஜோசியர் சொல்லிவிட்டார். இருபத்தேழு வயது மாப்பிள்ளைக்கு அறுபதில் கண்டம் என்றால் யார் கவலைப்படுவார்கள்? பெரியவர்கள் பாக்கை மாற்றிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். அவள் ஒருத்திதான் அன்றிலிருந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"பத்து நிமிசம் முந்திப் பொறந்திருந்தா லக்கனமே வேறயாம், கண்டமே இல்லியாம். அதுக்குள்ள என்ன அவசரம் வந்து உள்ளயே இருந்தீங்க?" என்று வருடத்துக்கு ஒரு தரமாவது கேட்பாள். உள்ளே இருந்ததை அவசரம் என்று சொல்பவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான்.

ஜூனில் ஓய்வு பெற்றேன். தினமும் லாக் புக் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த டைரி பாதி காலியாகக் கிடந்தது. எழுதுகிறேன்.

நவம்பர் 1, சனி

சனிக்கிழமை. எள் விளக்கு. துளசிக்கு இன்றைக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். செவ்வாயும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. வியாழக்கிழமை எதற்கு என்று கேட்டேன், முறைத்தாள்.

மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனபோது அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை மாதிரி அகப்பட்டுக்கொண்டாள்.

"அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்" என்றேன்.

"ஆனது ஒரு கல்யாணம். அதுலயே நனைஞ்சாச்சு, போங்க."

நவம்பர் 9, ஞாயிறு

பழைய செக்‌ஷன் ஆட்கள் வால்பாறை போகிறார்களாம். வேன் பேசியிருக்கிறார்கள். வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். துளசிக்காக இல்லை. எனக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது.

நவம்பர் 10, திங்கள்

மார்புப் பக்கம் ஒரு சுருக். வாயுவாக இருக்கும். துளசியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 19, புதன்

ரேஷன் கடைக்குக் குளத்து மேட்டு வழியாகப் போனால் பக்கம். நான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான் போகிறேன். அந்தப் பக்கம் நிழல் அதிகம்.

திரும்பி வந்தபோது துளசி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கறிவேப்பிலை வாங்க எதிர்வீட்டு ஜான்சி டீச்சர் வீடுவரை போய் வந்தாளாம். ரோட்டைக் கடந்து வந்ததற்கு மூச்சு வாங்கியது. முகம் வெளிறியிருந்தது.

"ஒருசந்தி இருக்கறவளுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?" என்றேன்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன். நீங்க குளத்து வழியாப் போகலீல்ல?"

"போகல."

ஓசூரிலிருந்து மகள் சுகந்தி போன் செய்தாள். அம்மா ஏன் இளைத்துப்போனாள் என்று கேட்டாள். என் ஆயுளுக்கு அவள் சோற்றைக் குறைத்துக்கொள்கிறாள் என்றேன். சுகந்தி சிரிக்கவில்லை.

பல்பு அப்படியே இருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னாள் மகள். ஒரு லைன்மேன் வீட்டில் பல்பு மாட்ட எலக்ட்ரீசியன் வந்தான் என்று ஊரில் தெரிந்தால் அதைவிடக் கண்டம் வேறு வேண்டாம்.

டிசம்பர் 3, புதன். கார்த்திகை தீபம்

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விளக்கு வைப்பது வருடா வருடம் என் வேலை. இந்த வருடம் எனக்கு மாடிப்படிக்கே பூட்டு. தட்டு நிறைய அகலை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். நான் கீழே நின்று, "எண்ணெய் சிந்தாம வை" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

படியில் எப்படி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. உயரமா பள்ளமா எதுவும் தோன்றவில்லை. அகல்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தாள். சேலைத் தலைப்பில் பற்றிய தீயைக் கையாலேயே அடித்து அணைத்தேன். ஜான்சி டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வந்து தூக்கினார்கள்.

ஆட்டோவில் கண் திறந்தாள். "ஏனுங்க, மாடிக்கா வந்தீங்க?" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். பொறுமையாகப் பேசினார்.

"ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருக்கு சார். இந்த அளவுல இவங்க நடமாடினதே ஆச்சரியம். எவ்வளவு நாளா ரத்தப்போக்கு இருக்கு?"

என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? துளசியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஆடியில இருந்துங்க" என்றாள்.

"அரிசி, சாக்பீஸ் இந்த மாதிரி ஏதாவது சாப்பிடத் தோணுமா?"

நான்தான் "அரிசி" என்றேன். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுமாம். நான் அதற்கு மழையைப் பற்றி ஜோக் சொன்னவன்.

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. ரத்தம் ஏற்றித் தேற்றிக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும். சாதாரணக் கட்டியாகத்தான் தெரிகிறது, ஆனால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று இரண்டு தரம் சொன்னார்.

"தை பொறக்கட்டுங்க டாக்டரம்மா" என்றாள் துளசி. "இவங்களுக்கு நேரஞ் சரியில்ல. நான் இங்க வந்து படுத்துட்டா இவங்களை யாரு பாத்துக்கறது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு என்ன நோய் என்று கேட்கத் தயங்கினார்போல. எனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

நேற்று சனிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஒரு வேளைச் சாப்பாடு. தட்டை அவள் முன்னால் வைத்தேன். தள்ளினாள். கத்தினேன். எனக்குக் கத்திப் பழக்கமில்லை, தொண்டை கட்டிக்கொண்டது.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பறம் என் கண்டத்தை யாரு பாக்கறது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. என் சாதகத்துல ஒண்ணும் சொல்லல."

இதற்கு மேல் என்ன பேசுவது? அலுத்துவிட்டது. கம்பத்தில் நாளெல்லாம் தொங்கிவிட்டு வந்த நாட்களில்கூட இப்படி அலுத்ததில்லை.

டிசம்பர் 11, வியாழன்

ராமாத்தாள் அக்கா சூலூரிலிருந்து துளசியைப் பார்க்க வந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள். மடியில் ஒரு கூடை கொய்யாவோடு, பஸ்ஸில் தனியாகவே வந்தாள். துளசிக்குப் புத்தி சொல்லி, துளசி கேட்காமல், அலுத்துப்போய் அவளைத் தூங்கச் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

போகும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் செல்போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஏந் தம்பி, உங்கூட்டுக் கடியாரமும் முந்தித்தான் ஓடுதா?"

"டியூட்டிக்கு நேரத்துல போகோணும்னு வெச்சது. அப்படியே பழகிப்போச்சு."

"நம்மப்பன் பழக்கம் உன்னைய உடுமா?" என்று சிரித்தாள். "மில்லுச் சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள நிக்கோணும்னு அப்பன் கால் மணி தள்ளி வெப்பாரு. தள்ளி வெச்சது அவருக்கே தெரியுமில்ல? அதனால இன்னுஞ் சித்த நேரம் படுப்பாரு. அம்மா அவருக்குத் தெரியாம இன்னொரு கை தள்ளி வெக்கும். அப்பனைப் பெத்த அப்பாரும் அவர் பங்குக்குத் தள்ளுவாரு. பள்ளிக்கோடத்துக்கு நேரமாகுதுன்னு நான்கூட ஸ்டூல் போட்டு ஏறித் தள்ளியிருக்கறேன். ஒருத்தர் தள்ளுனது ஒருத்தருக்குத் தெரியாது. சங்கு ஊதுனாத்தான் நெச மணி."

நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு அக்கா சொன்னாள்:

"நீ பொறந்தப்ப, 'அம்மிணி, மணி பாரு, மணி பாரு'ன்னு மருத்துவச்சி உள்ள இருந்து கத்துனா. பாத்துச் சொன்னவ நாந்தான்."

"எந்தக் கடியாரத்துல பாத்தே?"

"ஊட்டுல வேற எது இருந்துச்சு?"

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். முந்தி ஓடிய கடிகாரம். அப்படியென்றால் நான் நிஜமாகப் பிறந்தது ஜாதகத்தில் எழுதிய நேரத்துக்கு முன்னால். பத்து நிமிடம் முந்தியிருந்தால் கண்டமே இல்லை என்று சொன்ன ஜாதகம். அறுபது வருடமாக எவனுடைய ஜாதகத்தையோ என்னுடையது என்று பெட்டியில் வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 12, வெள்ளி

பைக்கை எடுத்துக்கொண்டு குளத்து மேட்டு வழியாக டவுன்வரை போய் வந்தேன். பெட்ரோல் பழசாகிவிடக் கூடாது. வண்டி நன்றாக ஓடுகிறது. மார்பில் அந்தச் சுருக்கும் இல்லை. வாயுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். சந்தோஷப்படுவாள், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன்.

அவள் காயை வைத்துவிட்டு என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அக்காவை அழைத்தாள். அக்காவை அவள் நங்கையா என்பாள்.

"நங்கையா, கடியாரம் எத்தன நிமிசம் முந்தி ஓடுச்சுங்?"

"அது தெரிஞ்சிருந்தா எங்கப்பன் ஏன் தெனமும் வேட்டியத் தூக்கிப் புடிச்சுட்டு ஓடியிருப்பாரு?" என்றாள் அக்கா. "கால் மணியோ, ஒரு மணியோ, சாமிக்குத்தான் வெளிச்சம். ஏன் அம்மிணி?"

போனை வைத்தாள். "புதுசா ஒண்ணு எழுதிப்போடலாமுங்க" என்றாள்.

"கால் மணின்னா ஒரு சாதகம், ஒரு மணின்னா வேறொண்ணு. எதை எழுதச் சொல்லுவே? ஒண்ணுல நான் நாப்பதுலயே போயிருக்கோணும். ஒண்ணுல நூறு. எது வேணும்னு நாமளே கடையில எடுக்கற மாதிரி எடுத்துக்கறதா?"

உரித்த நாரை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்ப இத்தன வருசமா நான் யாருக்கு ஒருசந்தி இருந்தேன்?"

"அந்த நேரத்துல ஊர்ல எவனாவது பொறந்திருப்பான். அவன் நல்லா இருக்கட்டும்."

சிரிக்கவில்லை. தப்பான நேரத்தில் ஜோக் சொல்வது எனக்குக் கைவந்த கலை. அவள் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கோபம் வருகிறது என்று நினைத்தேன்.

"சிவமலை அண்ணன் போனாங்களே" என்றாள்.

சிவமலை என்னோடு வேலை பார்த்தவன். கம்பத்திலேயே போய்விட்டான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வாரம் எங்கள் செக்‌ஷனில் எல்லார் வீட்டிலும் அழுகை. வேலையை விட்டுவிடச் சொல்லிப் பெண்டாட்டிகள் காலைப் பிடித்தார்கள். துளசி மட்டும் மறுநாள் காலையில் எப்போதும்போலத் தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்து, "மோர் சிந்தாமப் பாத்துக்குங்க" என்று அனுப்பினாள். இவளுக்கு நான் செத்தால் ஒன்றுமில்லையோ என்று அன்றைக்கு மனம் கசந்தது. வெளியே சொன்னதில்லை.

"உங்களுக்கு அறுபதுலதானேன்னு இருந்தனுங்க" என்றாள். "மழையில கூப்புடுவாங்க, போவீங்க. இடி இடிக்கும், போவீங்க. நான் நல்லாத் தூங்குவேன். அறுபது வரைக்கும் உங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு தூங்குனேன். அது உங்க சாதகமே இல்லியா? அப்ப அத்தன நாளும் எதை நம்பி உங்களைக் கம்பத்துல ஏத்தி உட்டேன்?"

அழுதாள். இன்றைக்கு வந்த அழுகை இல்லை அது. சிவமலை போன அன்றைக்கு அழ வேண்டியது, புயலில் நான் வீட்டுக்கு வராத நாட்களுக்கு அழ வேண்டியது, எல்லாம் சேர்த்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. இவள் அன்றைக்கே பயந்திருக்கலாமே என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இப்போது பயந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அன்னிக்குச் சாதகமா என்னைப் புடிச்சுட்டு இருந்துச்சு?" என்றேன். "இடுப்புல பெல்ட் இருந்துச்சு. கையில கிளவுஸ் இருந்துச்சு. லைன் கிளியர் வாங்காம, சப்ஸ்டேஷன்ல இருந்து கரண்ட் நிறுத்தியாச்சுன்னு சொல்லாம, ஒரு நாளும் கம்பத்துல கை வெச்சதில்ல. மனுசன் பண்றது அவ்வளவுதான். மிச்சத்தை நீயும் பாக்கல, நானும் பாக்கல. ஆனாலும் வூடு வந்து சேர்ந்தேன்."

"சிவமலை அண்ணனும் பெல்ட் போட்டுட்டுத்தானே ஏறுனாங்க."

"ஆமா" என்றேன்.

அவரைக்காயை மறுபடி எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நானும் கூட உட்கார்ந்து உரித்தேன். நார் சரியாக எடுக்கவில்லை என்று திட்டினாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. இந்த மாதத்தில் யாரும் நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை வேறு. காலையில் துளசி தட்டு நிறைய இட்லி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. தின்று முடித்துத் தண்ணீர் குடித்தாள்.

"அந்த டாக்டரம்மாவுக்குப் போனைப் போடுங்க" என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

சுகந்தி நேற்றே வந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று நர்ஸ் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். வேறு நேரம் கிடைக்குமா என்று நர்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். ராகு காலத்துக்காக இல்லை. மாப்பிள்ளை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், அவரும் வந்துவிட்டால் நல்லது என்று.

பச்சை அங்கியில் படுத்திருந்த துளசி காதில் விழுந்துவிட்டது.

"எந்தக் கடியாரத்துப்படி ராகு காலமுங்க?" என்றாள்.

சுகந்திக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கம்பத்தின் உச்சியிலும் இப்படி ஆனதில்லை. கீழே நிற்கிறவர்கள் பாடு என்ன என்று அறுபது வயதில் தெரிந்துகொண்டேன்.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்தாள். நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டரம்மா. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

டிசம்பர் 24, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. ரசம் நான் வைத்தேன். சுகந்தி குடித்தாள், பாவம்.

டிசம்பர் 29, திங்கள்

சுகந்தி காலையில் ஊருக்குக் கிளம்பிப் போனாள். பண்டிகைக் கூட்டத்தில் ரிப்போர்ட் வரத் தாமதமாகும், பொங்கல் நெருங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் நான் துள்ளி எழுகிறேன். துளசி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றப்ப வரட்டுமுங்க" என்றாள். "வந்து என்ன சொல்லுதோ, அதுக்கு என்ன பண்ணோணுமோ அன்னிக்குப் பண்ணிக்கலாம். முப்பது வருசம் முந்தியே கவலைப்பட்டுப் பாத்தாச்சு. ஒடம்பு அசந்து போனதுதான் மிச்சம். இனி என்னால ஆகாது."

பெரிய ஞானம் வந்தவள் குரல் இல்லை அது. சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்பவள் குரல்.

சாயங்காலம் குளியலறைக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். ஒரு கையில் அவள், ஒரு கையில் டார்ச். வாசலில் நின்றுவிட்டாள்.

"எத்தன நாளைக்குத்தான் இந்த இருட்டுல தடவறது? பல்பை மாட்டுங்க."

"தை பொறக்கலியே?"

"மாட்டுங்கன்னா."

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டூலை எடுத்துப்போட்டேன். ஏறினேன். கால் லேசாக நடுங்கியது. ஏறிப் பல மாதம் ஆகிவிட்டது, பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். பிறகு, இதை எழுதும்போது பொய் எதற்கு, பயமாகத்தான் இருந்தது. ஜூனிலிருந்தே பயமாகத்தான் இருந்தது. பழைய பல்பின்மேல் கையைக் கொண்டுபோனேன்.

"ஏனுங்க" என்றாள் நாற்காலியிலிருந்து. "லைன் கிளியர் வாங்குனீங்களா?"

யானைக்கும் அடி சறுக்கும். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. இறங்கி, அதை அணைத்துவிட்டு, மறுபடி ஏறினேன்.